குட்டிப்பானையும் வெள்ளாற்று மணலும்

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். உனக்கு வந்தது காய்ச்சல் என்று உன் வீட்டில் சொல்லிவிட்டார்கள். ஊரும் அதை நம்பிவிட்டது. ஓர் இடத்திலாவது உண்மை எழுதப்பட்டு இருக்கவேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

இன்று துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள். எங்கள் பள்ளியை மதியத்தோடு விட்டுவிட்டார்கள். கடலூர் முதுநகர் கடைத்தெருவில் மெழுகுவர்த்திக்கும் ரொட்டிக்கும் கூட்டம். வீட்டுக்கு வந்தபோது அம்மா பரணிலிருந்து நீ கொடுத்த பானையை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். "மணல நனைச்சு வை. எந்த நேரம் கரண்ட்ட நிறுத்துவாங்கன்னு தெரியாது" என்றாள். காய்ந்து கிடந்த மணலில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினேன். உடனே அந்த வாசனை எழுந்தது. எங்கள் ஊர்க் கடல் மணலுக்கு அந்த வாசனை கிடையாது. அதில் உப்பும் மீனும் இருக்கும். இது உங்கள் புவனகிரியின் வெள்ளாற்று மணல். புல்லும் சேறும் கலந்த வாசனை. அதை முகர்ந்ததும் நீ கட்டைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்திலிருந்து இறங்கி வருவது போல இருந்தது. அப்புறம் என்னால் அடுப்படியில் நிற்க முடியவில்லை.

நாம் சந்தித்தது சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரியில். சர்க்கரை நோய் வந்த பிள்ளைகளுக்கென்று வாரத்தில் ஒரு நாள் பார்ப்பார்கள். எனக்கு அந்த நோய் வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அம்மாவோடு ரயிலில் வந்து, நீளமான பெஞ்சில் உட்கார்ந்து, யாரும் என்னிடம் பேசிவிடக்கூடாது என்பதற்காகவே ஒரு புத்தகத்தை விரித்து வைத்திருந்தேன். நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்து, புத்தகத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "கடைசில சேந்தாங்களா இல்லியா? அத மட்டும் சொல்லு, போதும்" என்றாய். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து நீ வேறொரு கேள்வி கேட்டாய்.

"நோவுன்னு தெரியறதுக்கு முன்னாடி தாகம் எடுத்துச்சே, அப்ப நீ எதெல்லாம் குடிச்ச?"

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. டாக்டர்கள் எத்தனை தடவை தண்ணீர் குடித்தாய் என்று கேட்டார்கள். எதைக் குடித்தாய் என்று கேட்கவில்லை. மாதா கோவிலில் பூசை நடந்துகொண்டிருக்கும்போது, தாகம் தாங்காமல், பீடத்தின் ஓரத்திலிருந்த பூச்சாடித் தண்ணீரைக் குடித்ததை நான் என் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதுகூடச் சொல்லவில்லை. உன்னிடம் சொன்னேன். நீ சிரிக்கவே இல்லை. தலையை ஆட்டிவிட்டு, "நான் மாட்டுத் தொட்டில இருந்த கழனித்தண்ணிய குடிச்சேன். எங்க மாடு என்னியே பாத்துச்சு" என்றாய். அதன் பிறகுதான் இரண்டு பேரும் சிரித்தோம். நர்ஸ் வந்து அதட்டும்வரை சிரித்தோம்.

நமக்குள் வேறு எந்தப் பொருத்தமும் இல்லை. உன் வீடு நெல்லும் உளுந்தும் போடுகிற வீடு. என் அப்பா மீன் லாரி ஓட்டுகிறார். நீ மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவாய், நான் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவேன். எனக்குப் புத்தகம் என்றால் உயிர், உனக்குக் கபடி. பள்ளியில் பெண்கள் எப்படி ஒன்றுசேர்கிறார்கள் என்று நான் கவனித்திருக்கிறேன். ஒரே டியூஷன், ஒரே பேருந்து, ஒரே நடிகர். இதெல்லாம் ஒரு நட்புக்குப் போதுமா என்று எனக்குள் ஓர் ஏளனம் இருந்தது. உன்னைப் பார்த்த பிறகு போய்விட்டது. ஒருவரிடம் முதலிலிருந்து விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை என்பது எவ்வளவு பெரிய ஓய்வு என்று அப்போதுதான் தெரிந்தது. நடுவிலிருந்து பேச்சை ஆரம்பிக்கலாம். தொடையில் ஊசி போட்ட இடம் கட்டியிருக்கிறது என்று நான் சொல்லத் தொடங்கினால், பாதியிலேயே நீ "எனக்கும்" என்பாய். அந்த ஒரு வார்த்தைக்காக நான் வாரம் முழுவதும் காத்திருப்பேன்.

பெஞ்சில் நமக்கு ஒரு விளையாட்டு இருந்தது. விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து வந்ததும், யாருக்கு ஜாஸ்தியோ அவள் போய் இரண்டு பேருக்கும் தண்ணீர் பிடித்து வரவேண்டும். பெரும்பாலும் நீதான் போவாய். "தோத்துட்டேன் போ. வெல்லம் தின்னேன்டி, பொங்கலுக்கு வெச்சிருந்தாங்க" என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு கிளம்புவாய். உன் அம்மா என் அம்மாவிடம் முறையிடுவார். என் அம்மா, என் முன்னால் உனக்காகப் பரிந்து பேசுவாள்.

சென்ற வருடப் புயலின்போது எங்கள் தெருவில் பல நாள் மின்சாரம் இல்லை. மருந்து கெட்டுவிடக்கூடாது என்று அப்பா துறைமுகத்திலிருந்து ஐஸ் கொண்டுவந்தார். மீனை ஐஸில் போட்டு வைத்துப் பழகிய வீடு அல்லவா, மருந்தையும் மீனைப் போலவே உள்ளே புதைத்துவிட்டார். இன்சுலின் உறைந்து வீணாகிவிட்டது. அடுத்த முறை பெஞ்சில் இதைச் சொன்னபோது நீ என் அப்பாவை எண்ணி எண்ணிச் சிரித்தாய். "மருந்து இன்னாடி வஞ்சிர மீனா?" என்று கேட்டாய். அதற்கடுத்த வாரம் கட்டைப்பையோடு வந்தாய். அகலமான மண்சட்டி ஒன்று, குட்டிப்பானை ஒன்று, பையின் அடியில் மணல். சட்டியில் மணலைக் கொட்டி நனைத்து, நடுவில் பானையைப் பதித்து, மருந்து டப்பாவை அதற்குள் வைத்து, ஈரத்துணியால் மூடவேண்டும். உங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. உன் மருந்து எப்போதும் அப்படித்தான் இருந்தது. "எனக்கு ஒன்னு, உனக்கு ஒன்னு. ஒரே கொயவரு செஞ்சது" என்றாய். ரயிலில் மணல் சிந்தாமல் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

இனி எழுதப்போவதுதான் கடினமானது.

உன் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டாருக்கு உன் நோய் தெரியக்கூடாது என்று உன் வீட்டில் முடிவெடுத்தார்கள். தங்கைக்கு இருந்தால் அக்காவுக்கும் வருமோ, பிறக்கும் பிள்ளைக்கு வருமோ என்று கேட்பார்கள் என்ற பயம். அதோடு உனக்கும் நாளைக்கு ஒரு கல்யாணம் ஆகவேண்டுமே. நீ இதையெல்லாம் என்னிடம் சாதாரணமாகத்தான் சொன்னாய். நான் பட்டுப்பாவாடைக்கு எந்த நிறத்தில் தாவணி எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என்னைக் கூப்பிட முடியாது என்று நீ சொன்னபோது முதலில் எனக்குப் புரியவில்லை. கடலூர்ப் பெண் உனக்கு எப்படித் தோழியானாள் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? எதைச் சொன்னாலும் ஆஸ்பத்திரியில்தானே போய் முடியும்?

"பானையோட சேத்து உன்னியும் ஒளிச்சு வெச்சிட்டேன்டி" என்றாய்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். ஆனால் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாய். நம்மைச் சேர்த்து வைத்ததும் இந்த நோய்தான், அன்று என்னை வாசலில் நிறுத்தியதும் இதுதான். அன்றுதான் நான் உன்னைக் கடைசியாகப் பார்த்தேன்.

அதன் பிறகு நடந்ததை உன் அம்மா சொன்னார். அடுத்த வாரம் நான் பெஞ்சில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா மட்டும் தனியாக வந்தார். கையில் உன் மருந்துச்சீட்டு இருந்தது. நர்ஸிடம் அதைக் கொடுத்து என்னவோ சொன்னார். நர்ஸ் அவரை உட்காரவைத்தார். அவர் உட்கார்ந்தது என் பக்கத்தில், நீ உட்காரும் இடத்தில். இந்த நோயின் பெயரைச் சொல்லி அழுவதற்கு அவருக்கு அந்த ஆஸ்பத்திரியை விட்டால் வேறு இடம் இல்லை.

உறவுக்காரர்கள் வருவதற்கு முன்பே உன் சட்டியையும் பானையையும் தோட்டத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறைத்து வைத்தார்களாம். மணவறையில் வண்ணம் பூசி அடுக்குவதற்குக் குயவரிடம் சொல்லியிருந்த பானைகளும் தோட்டத்தில்தான் வந்து இறங்கின. அடுக்கின் உச்சிக்கு ஒரு குட்டிப்பானை குறைந்ததாம். உன் சித்தி தேடிப்போய், தொட்டிக்குப் பின்னால் உன்னுடையதைக் கண்டிருக்கிறார். யாரோ மறந்து வைத்தது என்று நினைத்து, டப்பாவைக் குப்பையில் கொட்டி, பானையைக் கழுவி, சுண்ணாம்பும் செம்மண்ணும் பூசி மண்டபத்துக்கு அனுப்பிவிட்டார். அவர் மேல் தவறில்லை. அவருக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

நீ தேடியிருக்கிறாய். வாய்விட்டுக் கேட்க முடியாமல் தேடியிருக்கிறாய். முகூர்த்தத்தில் அக்காவுக்குப் பின்னால் நின்றபோதுதான் அடுக்கின் உச்சியில் அந்தப் பானையைப் பார்த்து அம்மாவின் காதில் சொன்னாயாம். தாலி கட்டி முடியட்டும், யாரையாவது மருந்துக்கடைக்கு அனுப்புகிறேன் என்றிருக்கிறார். யாரை அனுப்பினாலும் என்ன மருந்து, யாருக்கு என்று கேட்பார்கள். அப்புறம் பந்தி, அப்புறம் பெண்ணை அழைத்துக்கொண்டு மாப்பிள்ளை ஊருக்குப் பயணம். சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை ஏறாது என்று நீ அம்மாவைத் தேற்றினாயாம். அது அப்படியில்லை என்று உனக்குத் தெரியும். பெஞ்சில் நம் இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைத்துத்தானே சொல்லிக்கொடுத்தார்கள். நீ வாந்தி எடுத்தபோது கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று யாரோ எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரை போட்டுக் கொடுத்தார்கள். சிதம்பரத்துக்குக் கொண்டுவந்தபோது உனக்கு நினைவு தப்பியிருந்தது. அதன் பிறகு நீ கண் திறக்கவே இல்லை.

எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாப்பா, ஊசி போடலன்னா எப்பிடி இருக்கும்னு உனக்குத்தான் தெரியும். என் பொண்ணுக்கு ரொம்ப கஷ்டமா இருந்திருக்குமா?"

டாக்டரிடம் கேட்கவில்லை. என் அம்மாவிடம் கேட்கவில்லை. என்னிடம் கேட்டார். நோய் தெரிவதற்கு முன்னால் அந்த வழியில் பாதித் தூரம் போய்த் திரும்பி வந்தவள் அங்கே நான் ஒருத்திதான். இரண்டு பேரும் ஒன்று போலத்தானே இருந்தோம்.

நான் சொன்னேன்: "கடைசில தூக்கம் மாதிரிதாம்மா வரும். அப்புறம் ஒன்னும் தெரியாது."

அது பொய் இல்லை. ஆனால் தூக்கத்துக்கு முன்னால் வருவதை நான் சொல்லவில்லை. மூச்சு வாங்குவதை, வயிறு பிசைவதை, எல்லாவற்றுக்கும் முதலாக அந்தத் தாகத்தைச் சொல்லவில்லை. உண்மையை எழுதுகிறேன் என்று சொன்னேன் அல்லவா, அதனால் உனக்குச் சொல்கிறேன். உனக்குத் தாகமாக இருந்திருக்கும். கல்யாணக்கூட்டத்தில், பட்டுப்பாவாடையில், யாருக்கும் தெரியாமல் நீ எந்தத் தண்ணீரைத் தேடிப் போனாய்? எதைக் குடித்தாய்? அதைக் கேட்டு "எனக்கும்" என்று சொல்ல நான் உன் பக்கத்தில் இல்லை. உன் அம்மாவுக்கு அது தெரியவேண்டாம். நம் இரண்டு பேருக்குள் இருக்கட்டும்.

அதிலிருந்து உன் அம்மா போனில் என்னிடம் பேசுகிறார். பெரிதாக ஒன்றும் பேசமாட்டார். சாப்பிட்டாயா, ஊசி போட்டாயா, அளவு எவ்வளவு வந்தது. சில நாள் நான் அளவைச் சொன்னதும், "அவளுக்கு இத விட ஜாஸ்தியா வரும்" என்பார்.  உன் அம்மாவுக்கும் எனக்கும் வேறு பொருத்தம் இல்லை. நீதான் இருக்கிறாய்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் அழைத்தார். புயல் செய்தி பார்த்திருக்கிறார். அவர் பின்னால் நிறையக் குரல்கள் கேட்டன. புயலுக்காக உன் அக்காவும் மாமாவும், மாமாவின் அம்மாவும் புவனகிரிக்கு வந்திருக்கிறார்களாம்.

"மருந்த பானைக்குள்ள வெச்சிட்டியா பாப்பா?" என்று கேட்டார்.

என்ன மருந்து, யாருக்கு என்று அங்கே ஒரு பெண் குரல் கேட்டது. உன் அக்காவின் மாமியாராக இருக்கவேண்டும்.  உன் அம்மா வழக்கம்போல வெளியே போய்ப் பேசுவார் என்று நினைத்தேன். போகவில்லை. நின்ற இடத்திலேயே, எனக்கும் கேட்கும்படி, அவர்களிடம் சொன்னார்.

"இன்சுலின். எங்க சின்ன பொண்ணோட ஃபிரண்டுக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே நோவு, சுகரு. அவளுக்குக் காய்ச்சல் இல்லிங்க. சுகருதான்."

 போனில் காற்று மட்டும் கேட்டது. அது உங்கள் ஊர்க் காற்றா, எங்கள் ஊர்க் காற்றா என்று தெரியவில்லை. பிறகு உன் அம்மா மறுபடியும், அதே கேள்வியை, அதே குரலில் கேட்டார்.

வெச்சிட்டேம்மா என்றேன்.

உண்மையில் அப்போது வைத்திருக்கவில்லை. போனை வைத்துவிட்டு ஓடிப்போய் வைத்தேன். துணியை நனைத்து மூடினேன். மணல் இன்னும் உன் வாசனையோடுதான் இருக்கிறது. பானையின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன், அதற்குள் குளிர்ந்துவிட்டது. ஜன்னலோரம் வந்து இதை முடிக்கிறேன். காற்று வலுத்துவிட்டது. தெருவில் யாரோ கதவைச் சாத்துகிறார்கள். இப்போது மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள், விளக்குகள் அணைந்துவிட்டன.