சின்னவளின் முதுகைப் பற்றி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நன்றாக இருக்க வேண்டும், அதுதான் என் முதல் கேள்வியும் முதல் வேண்டுதலும். இங்கே நான் நலம், தையல் கடையும் ஓடுகிறது. உன் தங்கையும் நலம் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போக மனசு கேட்கவில்லை. போனில் சொல்லலாம் என்றால், நான் உன்னோடு பேச ஆரம்பித்ததும் அடுத்த அறையில் ஃபேன் நின்றுவிடுகிறது, அவ்வளவு காது அவளுக்கு. அதனால்தான் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். படித்ததும் பதறாதே, முழுக்கப் படி.

நீ பார்த்துவிட்டுப் போன பிள்ளை இல்லை இப்போது. ஒரே வருடத்தில் என் காது உயரத்துக்கு வந்துவிட்டாள். கையும் காலும் முன்னால் போகின்றன, அவள் பின்னால் வருகிறாள், கதவு மேசை எல்லாவற்றிலும் இடித்துக்கொள்கிறாள். வாலு என்று கூப்பிட்டால் திரும்புவதில்லை, எனக்குப் பேர் இருக்குப்பா என்கிறாள். கண்ணாடி முன்னால் நின்றால் நகர மாட்டாள், போட்டோ எடுக்கக் கூப்பிட்டால் நிற்க மாட்டாள். அவள் வயசுக்கு வந்தபோது, உன் அம்மா இல்லாத குறை தெரியாமல், நம் கடையில் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கும் அக்காதான் கூட இருந்து பார்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகு என்னை அளவெடுக்க விடுவதில்லை. ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தைக்கிறவன், என் பிள்ளைக்கு அக்கா சொல்லும் அளவில் தைக்கிறேன். அதுதான் முறை என்று நானும் ஒதுங்கிக்கொண்டேன். வெயில் காலம் முழுக்க அவள் தொளதொள கோட்டைக் கழற்றாமல் திரிந்ததையும், நீச்சலுக்குப் போவதை நிறுத்தியதையும் வயசுக் கூச்சம் என்றே நினைத்தேன்.

பள்ளிக்கூடப் பாவாடை ஒன்று தைத்தேன். போட்டுப் பார்த்தால் கீழ் மடிப்பு ஒரு பக்கம் தூக்கியிருந்தது. பிரித்துத் தைத்தேன், மறுபடியும் தூக்கியது. மேசையில் விரித்தால் நேராக இருக்கிறது, அவள் இடுப்பில் ஏறினால் கோணுகிறது. நேரா நில்லும்மா என்றேன். நேராத்தான் நிக்கிறேன், உங்க கத்திரிதான் கோணல், நான் இல்ல என்று வெடித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். கோணல் துணியில் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்காவை உள்ளே அனுப்பினேன். அவள் வெளியே வந்து, குனியச் சொல்லிப் பாத்தேன் அண்ணே, முதுகு ஒரு பக்கம் மேடா இருக்கு, உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க என்றாள்.

எலும்பு டாக்டர் ஒரு அம்மா. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார், முதுகுத்தண்டு நடுவில் ஒதுங்கி வளைந்திருந்தது. மளமளவென்று வளர்கிற வயதில் சில பிள்ளைகளுக்கு இப்படி ஆவது உண்டு, பை தூக்கியதாலோ உட்கார்ந்த விதத்தாலோ வந்ததில்லை என்றார். வளர்ச்சி நிற்கிறவரை கெட்டிப் பிளாஸ்டிக் கவசம் ஒன்றைச் சட்டைக்குள் கட்டிக்கொண்டே இருக்க வேண்டுமாம், அதையும் மீறி வளைவு கூடினால் ஆபரேஷனாம். நான் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். அந்த அம்மா, கொஞ்சம் வெளியில இருங்க சார், இது அவ உடம்பு, நான் அவகிட்டதான் பேசணும் என்றார். உள்ளே என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கவசம் வந்தது, வந்த வேகத்தில் அலமாரிக்குள் போனது. கெஞ்சினேன், அதட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் வழக்கமாக வீடு திரும்பும் நேரத்துக்கு வரவில்லை, போனும் எடுக்கவில்லை. கடையை அப்படியே போட்டுவிட்டு, எப்போதும் ஒட்டிக்கொண்டு திரியும் தோழி வீட்டுக்கு ஓடினேன். உங்க பொண்ணு இங்க வந்து ரொம்ப நாளாச்சே, ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்லையே என்றாள் தோழியின் அம்மா. தோழி வீட்டில் படிக்கிறேன் என்று தினமும் சொன்னவள் எங்கேதான் இருந்தாள்? கடைசியில் பள்ளிக்குப் பின்னால் பஸ் நிறுத்தத்தில் இருந்தாள், வருகிற பஸ்ஸையெல்லாம் விட்டுக்கொண்டு. திட்டத்தான் போனேன், முகத்தைப் பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவளே சொன்னாள். நீச்சல் குளத்தில் உடை மாற்றும்போது அந்தத் தோழிதான் எல்லாருக்கும் முன்னால், உன் முதுகு ஏன் இப்படி இருக்கு என்று கேட்டாளாம். அதை மறைக்கத்தானாம் அந்தக் கோட்டு. கவசத்தைப் போட்டுட்டுப் போனா நான் யாருன்னே மறந்துடுவாங்கப்பா, முதுகு கோணின பொண்ணுன்னு மட்டும்தான் ஞாபகம் இருக்கும் என்றாள். பசிக்குதா என்று கேட்டேன். பசிக்குது என்றாள். வீட்டுக்கு வந்தோம்.

சில நாள் கழித்து ஒரு காலையில் கவசத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். பின்னால பட்டை எட்டல, கட்டி விடுங்க என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். உள்சட்டைக்கு மேல்தான் கட்டினேன். வலிக்குமோ என்று லேசாக இழுத்தேன். டாக்டர் போட்ட கோடு வரைக்கும் இறுக்கணும்ப்பா, இல்லன்னா வேஸ்ட் என்றாள். கோடு வரை இழுத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வெளியே தெரியாதபடி ஒரு மேல்சட்டை தைத்துத் தரட்டுமா என்றேன். தெரிஞ்சா தெரியட்டும், வேர்க்காம இருந்தா போதும் என்றாள்.

அன்று வகுப்பில் இரண்டு பேர் சிரித்தார்களாம். ஒருத்தி கவசத்தை விரலால் தட்டிப் பார்த்து, கதவு மாதிரி சத்தம் கேக்குதே, உள்ள யாரு என்றாளாம். நான்தான் என்று இவள் சொன்னாளாம், அந்தப் பிள்ளையும் சிரித்துவிட்டாளாம். இதைச் சொல்லிச் சிரித்தவள் சாப்பிட உட்கார்ந்ததும் அழுதாள். மறுநாள் போக மாட்டாள் என்றுதான் நினைத்தேன். போனாள்.

அடுத்த மாதம் மறுபடியும் படம் எடுக்கிறார்கள். கூடியிருக்குமோ என்று எனக்கு ஊசியில் நூல் கோக்கக்கூட முடியவில்லை. பிள்ளை வளர்கிறாள் என்று சந்தோஷப்பட வேண்டியவன், வளர்ந்தது போதும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். நீ பேசும்போது முதுகைப் பற்றி நீயாகக் கேட்காதே, முன்போல வம்பளந்துகொண்டிரு. அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள். உனக்கும் இருக்கும் வேலைகளை நான் அறிவேன், வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நீங்கள் இருவரும் மனம் ஒத்து, குறை ஒன்றும் அண்டாமல் நெடுநாள் வாழ வேண்டும். பதிலை வீட்டுக்கு எழுதாமல் கடை முகவரிக்கு எழுது. அவள் உன்னிடம் சொல்வதை எல்லாம் எனக்கு எழுத வேண்டாம், நன்றாக இருக்கிறாளா என்று மட்டும் எழுதினால் போதும்.

உனக்கும் அவளுக்கும்
அப்பா