குடிக்காதவரின் ஈரல்

அண்ணே,

வெள்ளையடிக்க பீரோவை நகர்த்தினேன். பின்னால் உங்கள் ஸ்கேன் உறை விழுந்து கிடந்தது. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். குடலில் ஒரு புள்ளி, ஈரலில் மூன்று, கங்கு போல மின்னின. நீங்கள் போய் நான்கு வருடமாகிறது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

தொண்ணூற்று மூன்றில் விழுப்புரம்–திண்டிவனம் தனியார் பஸ்ஸில் நீங்கள் டிரைவர், நான் கண்டக்டர். பதினோரு வருடம் ஒரே வண்டி. விக்கிரவாண்டி தாண்டியதும் மல்லாட்டைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டுவீர்கள், வறுத்த கடலை வாசனை வண்டி முழுக்க அடிக்கும். "தின்னுக்கினே டிக்கெட் குடுடா, நம்ம ஜனந்தான், கோச்சுக்காது" என்பீர்கள்.

கடைசி இரண்டு வருடம் உங்கள் முகமும் கழுத்தும் திடீர் திடீரென்று சிவந்தன. கண் கலங்கும். ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும். திண்டிவனத்தில் வண்டி நின்றதும் கக்கூசுக்கு ஓடுவீர்கள். "இன்ஜின் சூடுடா" என்றீர்கள். பயணிகள் குடி என்று பேசிக்கொண்டார்கள். அது முதலாளி காதுக்குப் போனது.

ஒருநாள் எதிரே வந்த வண்டியின் டிரைவர் கையைக் காட்டினார். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் செக்கர் நிற்கிறான் என்று அர்த்தம். உங்கள் முகம் அப்போதுதான் சிவந்து முடிந்திருந்தது. வாசனைப் பாக்கு ஒன்றை உங்கள் கையில் திணித்தேன். "வாயில போட்டுக்கங்கண்ணே." என்னை ஒரு தடவை பார்த்தீர்கள். ஒன்றும் கேட்காமல் போட்டுக்கொண்டீர்கள்.

அத்தனை ஜனத்துக்கு நடுவில் செக்கர் உங்களை ஊதச் சொன்னான். மோந்து பார்த்தான். "குடிக்காதவனுக்கு இன்னாத்துக்குய்யா வாசனைப் பாக்கு? யாரு குடுத்தது?"

"நானேதான் வாங்கினேன்."

சாவியை அங்கேயே பிடுங்கிக்கொண்டான். பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. அதன்பிறகு எந்த முதலாளியும் உங்களுக்குப் பஸ் கொடுக்கவில்லை. வளவனூரில் கரும்பு டிராக்டர் ஓட்டினீர்கள்.

சில வருடம் கழித்து வயிற்றுவலி வந்தது. சி.டி. ஸ்கேனில் ஈரலில் புள்ளிகள் இருப்பதாகச் சொன்னார்கள். அந்தச் சேதி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துசேர ஒருநாள்கூட ஆகவில்லை. "ஈரல் பூடுச்சாமே. நான் அப்பவே மோந்து சொன்னேன்ல" என்று டீக்கடையில் செக்கர் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன்.

சென்னைக்கு உங்களோடு நானும் வந்தேன். லேசான கதிர்வீச்சு உள்ள மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். சுரப்பு கக்கும் ஒருவகைக் கட்டியில்தான் அது போய் ஒட்டுமாம். ஒட்டிய இடம் படத்தில் ஒளிரும். ஆனால் ஒளி மட்டும் தெரிந்தால் அது எந்த உறுப்பு என்று புரியாது. அதனால் அதை சி.டி. படத்தின் மேல் பொருத்திக் காட்டினார்கள்.

"வேர் சிறுகுடல்ல இருக்கு. அங்கேருந்துதான் ஈரலுக்குப் பரவியிருக்கு. முகம் சிவந்ததும் பேதியானதும் இதாலதான். குடிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க" என்றார் டாக்டர்.

பிழைப்பேனா என்று நீங்கள் கேட்கவில்லை. "இதைத் தமிழ்ல எழுதித் தருவீங்களா சார்?" என்றுதான் கேட்டீர்கள். அவர் நான்கு வரி எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். அதை நீங்களே கொண்டுபோய்க் காட்ட உடம்பு இடம் கொடுக்கவில்லை. எட்டே மாதம்.

காரியம் முடிந்த மறுநாள் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். செக்கர் அதே டீக்கடையில் இருந்தான். படத்தை ஒரு கையிலும் கடிதத்தை மறு கையிலும் கொடுத்து, "சத்தமா படி" என்றேன். டிரைவர்கள் கூடிவிட்டார்கள். "இவருடைய நோய் மதுவால் வந்ததல்ல" என்ற வரியில் அவன் குரல் இறங்கியது. "கேக்கல, இன்னொருவாட்டி" என்றேன். மூன்று முறை படிக்க வைத்தேன். எனக்கு இனித்தது அண்ணே. பொய் சொல்லமாட்டேன், இன்றைக்கும் நினைத்தால் இனிக்கிறது.

நேராக உங்கள் வீட்டுக்குப் போய் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பாக்கைக் கொடுத்தது யார் என்பதைத் தவிர. அவர் அழுது முடித்துக் கேட்டார். "பதினோரு வருசம் கூடவே இருந்தீங்களே தம்பி. நீங்க ஒருநாளாச்சும் அவரைச் சந்தேகப்பட்டீங்களா?"

"இல்லைங்க அண்ணி."

"எனக்குத் தெரியும். ஊருல அவரை நம்புனது நீங்க ஒருத்தர்தான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணி இன்னும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்.