நான் பேசி முடித்த கூட்டம்

அன்பு மகள் நெரெய்தாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சௌக்கியம், பனி விழுந்தால் அப்பாவின் முழங்கால் மட்டும் முணுமுணுக்கிறது. அலாஸ்காக் குளிரில் நீ எப்படி இருக்கிறாயோ என்பதுதான் எங்களுக்கு எப்போதும் நினைப்பு. போன வாரம் ஏன் குரல் கம்மியிருக்கிறது என்று கேட்டாயே, வேலைக்கே ஆபத்து வந்திருந்தது. இப்போது எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, பதறாமல் படி.

எங்கள் கல்லூரிச் சேர்க்கை அலுவலகத்துக்குப் புதிதாக வந்த மேலாளர் விட்மோர், வரவேற்பு மேஜையில் யாரும் ஸ்பானிஷ் பேசக்கூடாது என்று உத்தரவு போட்டார். மறுநாளே ஒரு தாய் போன் செய்தாள், விடுதியில் மகன் காய்ச்சலில் கிடக்கிறானாம், அவளுக்கு ஆங்கிலம் வராது, ஒரே அழுகை. நம் ஸ்பானிஷ் பாஷையில்தான் ஆறுதல் சொன்னேன், பையனைப் பார்க்க நர்ஸையும் அனுப்பினேன். அதற்கு என்மேல் புகார், கிடங்குக்குத் தூக்கியடிக்கப் போவதாக மிரட்டல். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்றால் எல்லாத் துறையும் என்னைத்தான் கூப்பிடும், அப்போது மட்டும் என் ஸ்பானிஷ் இனித்தது. வேலையை விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். அப்பாதான், "அவங்களா அனுப்பினா அனுப்பட்டும், நீயா போகாதே" என்றார்.

நூலகத்து மார்கிட்டை உனக்கு நினைவிருக்கும், உன் பட்டமளிப்புக்குக் கேக் செய்து வந்த நெட்டைப் பெண். கேள்விப்பட்டு வந்தவள் மற்றவர்களைப் போல ஐயோ பாவம் என்று தோளைத் தட்டிவிட்டுப் போகவில்லை. "நான் என்ன செஞ்சா உனக்கு உதவும்? நீயே சொல்லு, நானா எதையாவது செஞ்சு உன்னை மாட்டிவிடக் கூடாது" என்றாள். எனக்காக நீ பேசாதே, என்னைப் பேசவிடாமல் தடுப்பார்கள், அதை மட்டும் பார்த்துக்கொள் என்றேன். டீன் அம்மா புகாரை விசாரித்த அன்று அவளும், கணக்குப் பேராசிரியர் ஓல்சனும், இன்னும் சிலரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நான் வாயைத் திறந்ததுமே விட்மோர் குறுக்கே விழுந்தார். மார்கிட் நிதானமாக, "அவங்க இன்னும் முடிக்கல" என்றாள். மறுபடியும் குறுக்கிட்டார். இந்தத் தடவை ஓல்சன், "சார், அவங்க இன்னும் முடிக்கல." டீன் அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன் மகளே. கடைசியில், "உங்க பிள்ளைக்குக் காய்ச்சல்னா நீங்க எந்த பாஷையில அழுவீங்க?" என்று விட்மோரிடமே கேட்டுவிட்டேன். டீன் அம்மா புகார்த் தாளை மடித்து ஓரமாக வைத்துவிட்டார்.

உத்தரவும் போயிற்று, புகாரும் போயிற்று. மொழிபெயர்ப்பும் இனி சம்பளத்தோடு சேர்ந்த வேலை, கூப்பிட்டவர்களுக்கெல்லாம் சும்மா ஓட வேண்டாம். விட்மோர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, கிடக்கட்டும். நேற்று அப்பா வைத்த போசோலே சூப்பில் உப்புக் கரித்தது, இருந்தும் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன், அவ்வளவு நாள் பசி. பக்கத்து மேஜை இட்செல் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து என்னிடம் ஸ்பானிஷில் கிசுகிசுத்துத்தான் பேசுவாள். இன்று காலை கதவருகே நின்றே, "அக்கா, காப்பி குடிக்கப் போலாமா?" என்று அலுவலகமே திரும்பிப் பார்க்க ஸ்பானிஷிலேயே கத்தினாள்.

மார்கிட்டுக்கு ஒரு வரி எழுதிப் போடு, மறக்காதே. கம்பளிக் காலுறை இல்லாமல் வெளியே போகாதே. குவாதலூப்பே மாதா உன்னைத் தன் போர்வைக்குள் வைத்துக் காக்கட்டும்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா எவுலாலியா