காத்தாயியின் ஓடத்துக்கு இணையப் பெயர் வழங்கும் பொருட்டு அக்கரைக்கு எழுதியது

திருவும் நீரும் குறைவிலாது பெருகுக. நெடுந்துறை நாட்டை நெறி வழுவாது ஆளும் மானவீரப் பெருமாளின் ஆணைப்படி, ஓலைநாயகம் நக்கன் விழுப்பரையன், அக்கரை ஆளும் கருங்கரை வேந்தர் வீரவிடங்கச் சக்கரவர்த்திகளின் திருமுன் பணிந்து விடுக்கும் ஓலை. தேவரீரின் கோட்டையும் கொடியும் குலமும் வாழ்க. தேவரீரின் யானைகளுக்கு ஒருநாளும் மதம் பிடியாதிருக்க.

நம் இரு நாடுகளுக்கும் நடுவே ஓடும் ஆற்றில் ஓடம் விடுபவள் எங்கள் குடிமகள் காத்தாயி. துடுப்புப் பிடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. இணையத்தில்தான் அவளுக்குப் போதாத காலம். இந்நாளில் மணவீட்டாரும் வணிகரும் துறையில் நின்று கூப்பிடுவதில்லை, கைபேசியில் இடம் பிடித்துக்கொண்டே வருகின்றனர் என்பதால், அவளும் தன் ஓடத்துக்கென ஓர் இணையப் பெயர் வாங்கினாள். மலிவாய்க் கிடைக்கிறதென்று, கடலுக்கு அப்பாலுள்ள ஏதோ ஒரு தீவு நாட்டின் குறி வாலாகத் தொங்கும் பெயரை வாங்கியதே வினையாயிற்று. அவ்வாலைக் கண்ட மணமகன் வீட்டார் ஓடமும் அத்தீவில்தான் இருக்குமென்று நம்பி, மேளதாளத்தோடு கப்பலேறி அங்கே போய் இறங்கிவிட்டனர். இங்கே மணப்பெண் மாலையும் கையுமாய் நின்றாள். தீவினர் மணமகனை வெகு அன்பாய் உபசரிப்பதாகவும், இன்னும் விட்டபாடில்லை என்றும் கேள்வி.

அன்றுமுதல் காத்தாயியின் ஓடத்தில் இடம் பிடிக்க ஒருவரும் துணியவில்லை. ஓடம் வெறுமனே போய் வெறுமனே வந்தது. பெண்ணைப் பெற்றவர் துறையில் நின்று வைத வசவு அவள் காதைவிட்டு அகலவில்லை. நெடுந்துறையின் குறி தாங்கிய பெயர் கிடைத்தாலன்றித் தன் பிழைப்பு மண்ணாய்ப் போகும் என்று பெயர்ப்பதிவு மண்டபத்தின் வாசலில் வந்து விழுந்து அழுதாள். அதைக் கண்ட எமக்கும் நெஞ்சு கனத்தது உண்மை.

ஆயின் விதி என்று ஒன்று இருக்கிறதே. நாட்டின் குறியைத் தாங்கும் தொழில் நாட்டுக்குள்ளேயே நிலையாய் நடக்க வேண்டுமாம். பெயர்ப்பதிவு அதிகாரி அரையன் மூவேந்தவேளார் விதியைக் கட்டிக்கொண்டு அழுகிறவர். அவர் பார்வையிட வந்தபோதெல்லாம் ஓடம் தேவரீரின் கரையில் நின்றது. ஆதலால் இது அயல்நாட்டுத் தொழில் என்று மறுத்தார். காத்தாயி சளைக்கவில்லை. மறுநாள் பொழுதுக்கும் ஓடத்தை எம் கரையில் கட்டிப்போட்டு, அதில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். ஓடாத ஓடத்தில் தொழில் ஏதும் நடக்கவில்லை என்றெழுதி அதையும் மறுத்தார். நின்றால் தொழிலில்லை, போனால் நாட்டிலில்லை, பின்னே தான் ஆற்றுக்கு அடியிலா ஓடம் விடுவது என்று அவள் வினவியதாகவும், அதற்கு இடமுண்டா என்று அதிகாரி ஏட்டைப் புரட்டியதாகவும் அறிகிறோம்.

முடிவில், உண்மையைக் கண்ணால் கண்டறிய அதிகாரியே முத்திரை மோதிரத்தோடு ஓடத்தில் ஏறினார். அங்கேதான் விபரீதம் நேர்ந்தது. எல்லையாகிய நடு ஆற்றைத் தாண்டியதும் தம் அதிகாரம் இனிச் செல்லாது என்று தாமே அறிவித்தார். கரையில் இறங்கியவரை, அனுமதிச்சீட்டு இல்லாத அயலான் என்று தேவரீரின் காவலர் பிடித்துச் சுங்கச்சாவடியில் உட்கார்த்தி வைத்துள்ளனர். பிடித்தது முறைதான் என்று முதலில் சாட்சி சொன்னவரும் அவரேயாம்.

இதைக் கேட்ட எம் மன்னர் நெடுநேரம் நெற்றியைத் தேய்த்து இட்ட ஆணை யாதெனில்: இன்றுமுதல் நெடுந்துறை நாட்டின் எல்லை காத்தாயியின் ஓடத்தோடு செல்லும். ஓடம் எங்கே மிதந்தாலும் அதன் பலகையளவு எம் நாடு. ஆகவே காலைதோறும் எம் எல்லை தேவரீரின் கரையில் வந்து முட்டும். ஆட்களை இறக்கியதும் திரும்பிவிடும். அதைப் படையெடுப்பென்று கருதி எவரும் முரசு கொட்ட வேண்டா. தேவரீரின் குடிகள் எம் நாட்டுக்குள் வெற்றிலைச் சாறு துப்பாதிருக்கவும் கட்டளையிட்டருள்க.

இனி எஞ்சிய தடை ஒன்றே. பெயர் பதியத் தேவையான மோதிரம் அதிகாரியின் விரலில் இருக்கிறது. அவரோ எம் நாட்டுக்குள் இருந்தாலன்றி முத்திரை இடமாட்டார். ஆதலால் அவரை ஓடத்தில் ஏற்றிவிட வேண்டுகிறோம். கால் வைத்த கணமே அவர் எம் நாட்டில் இருப்பார். இவ்வோலை கொணரும் காத்தாயியே பதிவுப் பத்திரத்தையும் மடியில் கட்டி வந்திருக்கிறாள். தேவரீரின் கரை சேர்ந்தபின் முத்திரை விழும்வரை துடுப்பைத் தொடுவதில்லை என்று அவள் எம் மன்னரின் திருமுன்னிலேயே சொல்லிவிட்டாள்; மன்னரும் மறுக்கவில்லை. அதிகாரி அப்போதும் விதி பேசினால், அவர் வீடு திரும்ப நீந்துவதற்கு எந்த விதியும் தடையில்லை என்று தேவரீர் எடுத்துரைக்க வேண்டும். அவருக்கு நீச்சல் தெரியாது என்பதை மன்னரும் அறிவார், காத்தாயியும் அறிவாள்.

இது மானவீரப் பெருமாள் திருவாய் மலர்ந்த ஆணை. அரச முத்திரை இட்டு, எழுதி விடுத்தேன், விழுப்பரையன்.