சிறுமலையில் ஏற வேண்டாத இடம்

ஆனையூர், ஐப்பசி, ஞாயிறு இரவு.

புதன்கிழமை என் மனைவி கமலாவுக்கு இதய அறுவை சிகிச்சை. அதற்கு முன் ஒரு தடவை மலைக்காற்று வேண்டும் என்றாள். மருத்துவர் சம்மதித்தார்; மேடு ஏறக் கூடாது என்றார். சிறுமலையில் நான் விசாரித்து வைத்திருந்த இடங்களுக்கெல்லாம் ஏறித்தான் போக வேண்டியிருந்தது. சரியாக விசாரிக்கவில்லையோ என்னவோ.

ஜீப் ஓட்டுநர் அந்த ஊர்க்காரர். தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஒரு எடம் இருக்கு சார். வண்டி கிட்டவே போகும். வெளியாளுக யாரும் வாரதில்ல. எங்க ஊர் சுடுகாடு."

நான் வேண்டாம் என்பதற்குள் கமலா, "வண்டிய விடுங்கண்ணே" என்றாள்.

காபிச் செடிகளைத் தாண்டியதும் கீழே சமவெளி முழுவதும் வெயிலில் தெரிந்தது. நல்ல காற்று. அவள் ஒரு பாறையில் உட்கார்ந்து புளிச்சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"உக்காருங்க. இங்க யாரும் நம்மள எந்திரிக்கச் சொல்ல மாட்டாக."

பிறகு ஓட்டுநரிடம் கேட்டாள்: "ஏண்ணே, வெளியூர்க்காரவுகளுக்கு இங்க எடம் குடுப்பீகளா?"

"அது கெடையாதும்மா. ஊர் ஆளுகளுக்கு மட்டுந்தான்."

"அப்ப நான் பொழச்சுத்தான் ஆகணும்."

இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. என் பொட்டலத்தையும் அவளே சாப்பிட்டாள்.