ஆணியில் தொங்கும் சட்டி

மதிப்பிற்குரிய திரு. வாரன் ஹால்வர்சன் அவர்களுக்கு,

வணக்கம். வாடகைக்கு இருப்பவரின் மகள் வீட்டுச் சொந்தக்காரருக்கு நேராகக் கடிதம் எழுதுவது முறையில்லை என்று தெரியும். மன்னிக்க வேண்டும். என் அப்பா உங்களிடம் ஃபோனில் பேசும்போது "சரிங்க சார்" என்பதைத் தாண்டுவதில்லை. அம்மாவுக்கு ஆங்கிலத்தில் கோபப்பட வராது. எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான் என்பதால், தண்ணீர்க் கட்டணத் தகராறிலிருந்து எல்லாக் கடிதமும் என் தலையில்தான் விழுகிறது. நான் படித்தது புள்ளியியல். அம்மாவுக்குப் பட்டம் என்றால் பட்டம்தான். "படிச்சவதானே, இதுக்கும் எழுது" என்றார். எழுதுகிறேன்.

அடுத்த மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் உங்கள் நோட்டீஸ் வந்தது. நாங்கள் ஒரு கயோட்டி ஓநாய்க்குத் தீனி போட்டுப் பழக்கிவிட்டதாகவும், அதனால் தெருவில் ஒரு நாய் செத்ததாகவும் தெருச் சங்கம் உங்களுக்குப் புகார் அனுப்பியிருக்கிறது. நோட்டீஸுக்கு முந்தின நாள் அப்பாவைக் கூப்பிட்டு நீங்கள் சொன்னது எனக்கும் கேட்டது, ஸ்பீக்கரில்தான் இருந்தது. "காட்டு மிருகத்துக்குச் சோறு போடறது அதுக்கே செய்யற துரோகம், எலீசியோ." அப்பா வழக்கம்போல சரிங்க சார் என்றார். நான் சொல்லவில்லை.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மினசோட்டாவில் உங்கள் மகன் வீட்டில் இருக்கும் உங்களுக்குப் பக்கத்து வீட்டு ப்ரூவிட் சொன்னது மட்டும்தான் வந்து சேர்ந்திருக்கும்.

குளிர்காலத்தில் நாங்கள் குடிவந்த முதல் வாரமே அது வந்தது. தெருவிளக்கு எரிகிற நேரத்துக்குப் பின்பக்க மதில்மேல் ஏறி உட்காரும். இடது காது கிழிந்த பெட்டை. மலையடிவாரத்தில் கயோட்டி அதிசயமில்லை. நான் பிறந்ததிலிருந்து குப்பைத் தொட்டிப் பக்கம் பார்த்திருக்கிறேன். ஆளைக் கண்டால் ஓடும். இது ஓடவில்லை. எங்கள் பின்கதவையே பார்த்துக்கொண்டிருக்கும், யாரோ நேரமாகியும் வரவில்லை என்பதுபோல. அம்மா துணி காயப்போடுவதைக் காலைக்கு மாற்றிக்கொண்டார். கராஜில் பாதி மூட்டை நாய்த் தீனி கிடந்தது. உங்களிடம் நாய் இருந்திருக்கும் என்று நினைத்து அப்பா அதைக் குப்பையில் போட்டார்.

ஏப்ரலில் தெருக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். நகராட்சியிலிருந்து வந்த பெண் அதிகாரி, கயோட்டி பக்கத்தில் வந்தால் ஓடக்கூடாது, கையைத் தூக்கி ஆளைப் பெரிதாகக் காட்ட வேண்டும், பாத்திரத்தைத் தட்டிச் சத்தம் போட வேண்டும், பயம் போனதுதான் அதற்கு ஆபத்து என்று விளக்கினார். அம்மா முன் வரிசையில் இருந்து கேட்டார். அம்மா எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார்.

மறுநாள் சாயங்காலம் பின்கதவுக்கு வெளியே ஆணியில் தொங்கிய சட்டியை எடுத்தார். நசுங்கிய அலுமினியச் சட்டி, கைப்பிடியில் கயிறு கட்டிய கரண்டி. தட்டத்தான் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தவுடன் தெரியும். இந்தத் தெருக்காரர்கள் எவ்வளவு முன்யோசனையாக இருக்கிறார்கள் என்று அம்மா பாராட்டவும் செய்தார். மதிலைப் பார்த்து நின்று ஓங்கித் தட்டினார்.

அது குதித்து இறங்கி நேராக அம்மாவிடம் வந்தது.

அதிகாரி சொன்னபடி அம்மா ஓடவில்லை. இன்னும் பலமாகத் தட்டினார். அது இன்னும் பக்கத்தில் வந்து, அவர் எதிரில் உட்கார்ந்து, வெறுங்கையை முகர்ந்தது. கையில் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் ஏப்ரனைக் கவ்வி இழுத்தது. நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த பிறகுதான் மதிலேறிப் போயிற்று.

பக்கத்து வீட்டு கேரி ப்ரூவிட் மாடி ஜன்னலிலிருந்து இதை ஃபோனில் வீடியோ எடுத்திருக்கிறார். நான் வந்த பகுதி அதில் இல்லை. அம்மா சட்டியோடு நிற்கிறார், எதிரில் கயோட்டி வளர்ப்பு நாய்போல உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். தெருவின் குழுவில் எல்லாருக்கும் போய்விட்டது. அப்பா விளக்கம் சொல்லப் போனபோது ப்ரூவிட் கதவை முழுதாகத் திறக்காமலே, "உங்க ஊருல இதையெல்லாம் வீட்டுல வச்சு வளப்பீங்களோ என்னமோ, இங்க அது நடக்காது" என்றாராம். அப்பா, "என் ஊரு பொமோனாங்க, பஸ்ஸுல அரைமணி நேரம்" என்று சொல்லிவிட்டு வந்தார். வீட்டில் எங்களைச் சிரிக்கவைக்கத்தான் அதைச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் தெருவே தட்டியது. வெளிச்சம் மங்கியதும் வீட்டுக்கு வீடு வாணலி, மூடி, தகர டப்பா. அது பயப்படவில்லை, திரு. ஹால்வர்சன். ஒவ்வொரு மதிலாக ஏறி, ஒவ்வொரு வீட்டுக் கொல்லையாக எட்டிப் பார்த்தது. எந்தச் சத்தம் தனக்கானது என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் போயிற்று. ப்ரூவிட் தன் சின்ன நாய் பிரிட்ஸலை வெளியே விட்டிருந்தார். தூரத்து மதிலில் கயோட்டியைப் பார்த்ததும் நாயைக் காப்பாற்றத்தான் தட்டினார். விடாமல் தட்டினார். அது அவர் கொல்லைக்குள் இறங்கியது. பிரிட்ஸல் குரைத்துக்கொண்டு அதன்மேல் பாய்ந்தது. மீதியை எழுத எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வாசலில் பிரிட்ஸலின் படத்தை ஒட்டிவைத்தார்கள். கீழே ஒன்றும் எழுதவில்லை. கடையில் வேலைசெய்யும் பெண் அம்மாவைப் பார்த்ததும் வேறு வரிசைக்குப் போகச் சொன்னாளாம். குடிவந்தபோது எலுமிச்சை கொடுத்தவர்கள் இப்போது காரை நிறுத்தியதும் உள்ளே போய்விடுகிறார்கள்.

பின்சந்துக்கு அந்தப்பக்கம் இருக்கும் திருமதி இனொகுச்சி மட்டும் வந்தார், அதுவும் சந்து வழியாக. அம்மாவைப் பார்க்க வந்தவர் ஆணியில் தொங்கிய சட்டியைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இது வாரனோட சாப்பாட்டு மணி ஆச்சேம்மா. இதையா உங்கம்மா தட்டினாங்க?"

எல்லாம் சொன்னார். உங்கள் மனைவி மார்ஜரி இறந்த பிறகு நீங்கள் தினமும் சட்டியைத் தட்டி அதைக் கூப்பிட்டது, குட்டியாக இருந்ததிலிருந்து கோழியும் நாய்த் தீனியும் போட்டது, படிக்கட்டில் உட்கார்ந்து அதனிடம் பேசிக்கொண்டிருந்தது. வேறு யாரிடமும் நீங்கள் அந்த நாட்களில் பேசவில்லையாம். அப்படியானால் இதைச் சங்கத்தில் சொல்லுங்கள் என்று அம்மா கேட்டார். "இந்த வயசுல ப்ரூவிட்டோட எனக்கெதுக்கும்மா சண்டை" என்று சொல்லி, ஒரு பை ஆரஞ்சு வைத்துவிட்டுப் போனார்.

நானே சொல்லலாம் என்றுதான் இரண்டாவது கூட்டத்துக்குப் போனேன். என்ன சொல்வது என்று காரில் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கூட்டத்தில் பேசுவது எனக்கு எப்போதுமே ஆகாது, வகுப்பிலேயே கை தூக்காதவள். ஆனாலும் எழுந்தேன். மைக்கைக் கொடுத்தார்கள். அப்போதுதான் முன் வரிசையில் ப்ரூவிட் தெரிந்தார். நாயின் கழுத்துப்பட்டையைக் கையில் சுற்றி வைத்திருந்தார். நான் சொல்ல வந்தது இதுதானே: சட்டிச் சத்தம் அதற்கு அழைப்பு. அப்படியானால் அன்றைக்கு அதைக் கூப்பிட்டது யார்? அவர் கைதான்.

நன்றி என்று மைக்கில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எதற்கு நன்றி என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த மனிதர்மேல் எனக்கு ஒரு பிரியமும் இல்லை. அப்பாவிடம் அவர் பேசிய பேச்சை நான் இன்னும் மறக்கவில்லை. ஆனாலும் "நீங்கள்தான் கூப்பிட்டீர்கள்" என்ற வார்த்தையை அவர் தலையில் போட என்னால் முடியவில்லை. அதைச் சுமக்க வேண்டியவர் அவரல்ல.

அன்று பொறி வைப்பது என்று முடிவாகிவிட்டது. பொறிக்காரர் அடுத்த மாதம் வருகிறார். பிடித்து வேறு மலையில் விட இங்கே சட்டம் இடம் கொடுக்காது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், கொன்றுவிடுவார்கள். மழைநீர்க் குழாய்ப் பக்கம் குட்டிகளின் சத்தம் கேட்டதாகத் திருமதி இனொகுச்சி சொல்கிறார். அதற்குப் பின்னால் நாங்களும் வீட்டை விட்டுப் போக வேண்டும். நீங்கள் போட்ட சோற்றுக்கு எத்தனை பேர் விலை கொடுக்கிறோம் பாருங்கள்.

நோட்டீஸில் கையெழுத்துப் போடும்போது உங்களுக்கு அந்தச் சட்டி ஞாபகம் வராமல் இருந்திருக்காது. துரோகம் என்ற வார்த்தையை அப்பாவிடம் சொல்லும்போதும். மனைவி போன வீட்டில் தனியாக இருப்பது கொடுமை என்பது எனக்குப் புரிகிறது. புரிகிறது என்று எழுதுவது மன்னிப்பதற்காக அல்ல.

நோட்டீஸைத் திரும்பப் பெறும்படி எழுதச் சொன்னார் அப்பா. இதோ எழுதிவிட்டேன். உண்மையைச் சங்கத்துக்கு எழுதும்படி கேட்கச் சொன்னார் அம்மா. அதையும் கேட்கிறேன். அவர்கள் சொல்லி நான் எழுதுவது இதோடு முடிகிறது. இனிமேல் வருவது நானாக எழுதுவது, அவர்களுக்குத் தெரியாது.

நாங்கள் என்ன செய்தாலும் அது எங்களுக்குப் பயப்படவில்லை. கல்லெறிந்தோம், தண்ணீர் பீய்ச்சினோம், அப்பா கத்தினார். கொஞ்சம் தள்ளிப்போய் மறுபடி பின்கதவைப் பார்க்கிறது. அது எதிர்பார்ப்பது எங்களை அல்ல.

உங்கள் உடல்நலம் நன்றாக இருக்கட்டும். விமானத்தில் ஏறி வரும் அளவுக்காவது நன்றாக இருக்கட்டும். பொறிக்காரருக்கு முன்னால் ஒரு சாயங்காலம் வாருங்கள். முதலில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, பிரிட்ஸல் எப்படிச் செத்தது என்று ப்ரூவிட்டிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள். பிறகு பின்பக்கம் வாருங்கள். சட்டி அதே ஆணியில்தான் தொங்குகிறது, நாங்கள் கழற்றவில்லை. தெருவே பார்க்கட்டும், உங்கள் கையால் தட்டுங்கள். அது வரும். உங்களைப் பார்த்ததும் எவ்வளவு வேகமாக வரும் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது.

வந்ததும் அதைக் கல்லால் அடியுங்கள், சார். இனி எந்த மனிதனையும் நம்பாதபடி அடித்து விரட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் குடியிருக்கும்
நொயெமி பர்ராசா