தூமாவதிக்கு வைத்த பொட்டு

எதிர்வீட்டுச் சுவரில் தேர்தல் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். வாளி நிறைய மைதா பசை. பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சியிருக்கிறார்கள். அந்த வாசனை ஜன்னல் வழியாக வந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், காப்பி குடித்ததை மறந்து மறுபடியும் காப்பி போட்டேன். கடைசியில் பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. எந்த விலாசத்துக்கு அனுப்புவாய் என்று கேட்டுச் சிரிப்பாய். சிரித்துக்கொள்.

எங்கள் படக்கடையில் பசை காய்ச்சுவது என் வேலை. என் வீட்டுக்காரர் கண்ணாடி அறுத்துச் சட்டம் அடிப்பார். நான் சாமி படங்களுக்கு ஜிகினா ஒட்டுவேன். தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேட்டு மண் காற்றில் வந்து பசையில் விழும் என்று ஆண்டர்சன்பேட்டை பஜாரிலேயே எங்கள் கடைக்கதவு மட்டும் பாதி சாத்தியிருக்கும். அதை முழங்கையால் தள்ளிக்கொண்டு நீ வருவாய். நாம் இருவரும் ஒரே வருஷம் வேலூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர்கள். ஒரே குழாயில் தண்ணீருக்குச் சண்டை போட்டுச் சிநேகிதமானவர்கள். உனக்குப் பிள்ளை இல்லை. என் பெண் உன் இடுப்பில்தான் வளர்ந்தாள். நான் தலை வாரினால் வகிடு கோணிக்கொள்ளும் என்று சீப்பை எடுத்துக்கொண்டு உன்னிடம் ஓடிவிடுவாள். அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

சுரங்கத்தில் காலை ஷிப்டுக்குப் போன உன் வீட்டுக்காரர் கீழே லெவலில் பாறை வெடித்து இறந்துபோனார். நீ உன் அண்ணனோடு காசிக்குப் போய் அஸ்தியைக் கரைத்துவிட்டு வந்தாய். வந்த மறுநாளே கையில் சுருட்டிய படத்தோடு கடைக்கு வந்து, "இதுக்குக் கண்ணாடி போட்டுக் குடு" என்றாய். நான் பிரித்துப் பார்த்துப் பதறிப்போனேன். வெள்ளைப் புடவை, விரித்த தலை, வற்றிய உடம்பு, ஒரு கையில் முறம். குதிரையில்லாத தேரில் ஒருத்தி உட்கார்ந்திருக்க, தேரின் கொடியில் காக்கை. கழுத்தும் நெற்றியும் வெறுமை.

"மூதேவியாடி இது? இத்த எங்க மாட்டப்போற?"

"மூதேவின்னு நாம சொல்றோம். அங்க தூமாவதின்னு கோயிலே கட்டிக் கும்பிடறாங்க. தாந்திரீகத்துல பத்து தேவியாம், அதுல ஒருத்தி இவ. புருஷன் இல்லாத சக்தி."

காசிச் சத்திரத்தில் தமிழ் பேசும் ஐயர் ஒருவர் உனக்குக் கதையெல்லாம் சொல்லியிருந்தார். தேவிக்குப் பசி. சிவனிடம் சோறு கேட்கிறாள். அவர் பேசாமல் இருக்கிறார். பசி தாங்காமல் அவரையே விழுங்கிவிடுகிறாள். உடம்பிலிருந்து புகை கிளம்புகிறது. உள்ளே இருந்துகொண்டே அவர், நீ இனி விதவை என்கிறார். நெருப்பு எல்லாவற்றையும் தின்றபின் மிஞ்சும் புகைதான் அவள். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாத இடத்தில் நிற்கும் தாய்.

"புருஷன முழுங்கினவன்னு என்னத்தான் லைன் வீட்டு சனமே சொல்லுது. அங்க போனா சாமியே அப்பிடித்தான் குந்தினு இருக்கா" என்று சொல்லி, சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாய். "அவ கையில வரம் இருக்குது பாரு. ஆனா நாம கேக்கறத குடுக்க மாட்டா. நாம புடிச்சினு இருக்கறத எடுத்துக்குவா. அதுதான் வரமாம்."

"அது இன்னா வரம்?" என்றேன்.

"எனக்கும் இன்னும் புரியல. தினம் பாத்தா புரியுமோ இன்னாவோ."

படத்தை வாங்கி வைத்தேனே தவிர, எனக்குக் கை ஓடவில்லை. வாடிக்கைக்காரர் பார்த்தால் கடைப்பக்கம் வரமாட்டார்கள் என்று சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். திருப்பி வைத்தாலும் அவள் அங்கேதான் இருக்கிறாள் என்று முதுகுக்குத் தெரிந்தது. அந்த வாரமே என் பெண் பெரியவளானாள். என் பதற்றம் எங்கே போய் முட்டியிருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை சடங்கு. என் மாமியார் என்னைக் கூப்பிட்டு, "உன் சிநேகிதி வந்தா பின்னாடியே இருக்கட்டும். புள்ள முன்னாடி நிக்க வுடாத" என்றார். நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், என் மாமியார் ஒன்றும் புலியில்லை. என் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம் எனக்கே இருந்தது. அதுதான் உண்மை.

நீ மல்லிகைச் சரத்தோடு வந்தாய். அவளுக்குத் தலை வாரிப் பின்ன வேண்டும் என்று முதல்நாளே தொடுத்து வைத்த சரம். நான் அதைக் கையில் வாங்கிக்கொண்டு, "பின்கட்டுல பாயசம் இருக்குது, கொஞ்சம் பாத்துக்கறியா?" என்றேன். என் முகத்தை ஒரு தரம் பார்த்தாய். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கரண்டியை எடுத்தாய். பாயசம் பிரமாதம் என்று எல்லாரும் சொன்னார்கள். பெண்ணுக்கு அன்று நான்தான் வாரினேன். வகிடு கோணல்.

இதற்குள் என் வீட்டுக்காரர் எனக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்து வைத்திருந்தார். அவருக்கு உன்மேல் பாசம் அதிகம், பேசத்தான் வராது. தாலியும் பொட்டும் இல்லாத அம்மனைத் தன் கடையிலிருந்து அனுப்புவது பாவம் என்று, நெற்றியில் சிவப்புச் சமிக்கிப் பொட்டு, கழுத்தில் ஜிகினாத் தாலி, வெள்ளைப் புடவைக்குச் சரிகைக் கரை எல்லாம் ஒட்டிச் சட்டமும் அடித்துவிட்டார். நீ வாங்க வந்தபோது பெருமையாக எடுத்து நீட்டினார்.

"எப்பிடிக்கிறா பாரும்மா! மகாலட்சுமி கணக்கா!"

நீ வெகுநேரம் பார்த்தாய். பிறகு என் பக்கம் திரும்பினாய். "எனக்கு வெக்க முடியாத பொட்ட இவளுக்கு வெச்சி அனுப்பறீங்களா? பிரிச்சிக் குடுடி."

அவர் முகம் செத்துப்போய் வெளியே போய்விட்டார். நான் ஆணிகளைப் பிடுங்கிக் கண்ணாடியை எடுத்தேன். ஈரத்துணியால் ஒற்றி நகத்தால் சுரண்டினேன். தாலி வந்துவிட்டது. பொட்டு வரவில்லை, என் பசை அவ்வளவு கெட்டி. அழுத்திச் சுரண்டியதில் நெற்றிக் காகிதமே கிழிந்து வெள்ளையாக ஒரு காயம் ஆகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. பொட்டுக்காக அழவில்லை என்பது உனக்கும் தெரியும்.

"அழாத. அவ கையில முறம் எதுக்கு இருக்குதுன்னு அந்த ஐயரு சொன்னாரு. பொடைச்சா பதரு பறந்துடும், மணி நிக்கும். எது பதரு, எது மணின்னு காட்டறதுக்குத்தான் அவ வராளாம்" என்றாய். நான் எது என்று நீ சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு நாள் அழுதுவிட்டுத் தூங்கியிருப்பேன்.

நீ கோபித்துக்கொண்டு வராமல் இருந்திருந்தாலாவது தேவலை. மறுநாளே சீப்போடு வந்து என் பெண்ணுக்கு எண்ணெய் தேய்த்து வாரினாய். ஆனால் அதன்பிறகு எங்கள் வீட்டில் எந்த விசேஷம் வந்தாலும், யாரும் சொல்லாமலே நேராகப் பின்கட்டுக்குப் போனாய். நாத்தனார் சீமந்தம், கிரகப்பிரவேசம், எல்லாவற்றுக்கும் உன் கைப்பாயசம்தான். தட்டில் அட்சதை சுற்றி வரும்போதெல்லாம் என் கண் பின்கதவுக்குப் போகும். கால் போகாது.

என் பெண்ணின் கல்யாணத்தில் மட்டும் போனேன். முகூர்த்தத்துக்குச் சற்று முன் அவளே என் கையைப் பிடித்து, "பெரிம்மா எங்க? கூப்புடும்மா" என்றாள். பின்கட்டு வாசலில் நின்று, "வாடி, கொழந்த கூப்புடறா" என்றேன். புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பாயசம் அடிபுடிச்சிடும். நீ போ" என்றாய்.

நான் போய்விட்டேன். இதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன். நீ வரமாட்டேன் என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. கூப்பிட்டேன், அவள்தான் வரவில்லை என்று மனசுக்குள் ஒரு பதிலைத் தயாரித்துக்கொண்டே பந்தலுக்கு நடந்தேன். மறுவருஷம் மார்கழியில் நான்கு நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய். அந்தப் பதில் என்னிடமே தங்கிவிட்டது.

என் வீட்டுக்காரரும் போய் ஐந்து வருஷம் ஆகிறது. போன வாரம் கோலாரில் என் பெண் வீட்டில் பேத்திக்குச் சடங்கு. என்னை யாரும் எதுவும் சொல்லவில்லை. என் கால்தான் தானாகச் சமையலறைக்குப் போயிற்று. பம்பு ஸ்டவ்வைப் பற்றவைத்துப் பால் வைத்தேன். கூடத்திலிருந்து என் பெண் வந்து வாசலில் நின்றாள்.

"அம்மா, வா. நீதான் மொதல்ல மஞ்சள் வெக்கணும்."

"பால் பொங்கிடும். நீ போ" என்றேன்.

அவள் போகவில்லை. உள்ளே வந்து, குனிந்து, ஸ்டவ்வின் காற்றைத் திறந்துவிட்டாள். நெருப்பு அணைந்தது. பிறகு என் கையைப் பிடித்தாள்.

அவ்வளவுதான். உன் அடுப்பிலிருந்து இரண்டு விறகை நான் வெளியே இழுத்துப் போட்டிருக்க வேண்டும்.